ஏழாம் நாள் பெட்டி

பக்கத்து வீட்டு ம்பாக் விவிக்கின் பிலாக்காய்க் கறியை முதன்முதலாக வாயில் வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கறிக்குச் சீனி போட்டிருந்தார். அதுவும் பாயாசத்துக்குப் போடுகிற அளவு. தேங்காய்ப்பாலை விட்டு, நாலு மணித்தியாலம் அடுப்பில் வைத்து, பிஞ்சுப் பிலாக்காயைக் கபில நிறமாக வற்றவிட்டு, பக்கத்தில் அதே நிறத்தில் ஓர் அவித்த முட்டையையும் வைத்து என்னிடம் நீட்டினார். அந்தப் பிலாக்காய் டின்னை வால்தம்ஸ்டோ தமிழ்க் கடையில் வாங்கிக் கொடுத்தது நான். இப்படி ஒரு அநியாயத்துக்கு உடந்தையாகிவிட்டேனே என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கிறது?" என்றார்.

"இனிப்பு," என்றேன். அதற்குமேல் வாயைத் திறந்தால் சண்டை வந்துவிடும்.

"ஓம், எங்கள் ஊர் ஜொக்ஜகர்த்தாவில் அப்படித்தான்," என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் சொன்னது குறை என்பதே அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் முறை அந்தக் கறி வந்தபோது இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

ம்பாக் என்றால் அவர்களுடைய பாஷையில் அக்கா. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர், பின்வளவில் ஒரு மரவேலி, முன்பக்கத்தில் முழங்கால் உயரச் செங்கல் தூண் ஒன்று. எட்டு வருஷமாகத் தட்டும் சட்டியும் அந்தத் தூண் வழியாகத்தான் போய்வந்தன. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஓட்டை உடைசல். தமிழில் எழுதும்போது அவர் திருத்தமாகப் பேசுகிறார், நானும் அப்படியே.

அவர்கள் குடிவந்த முதற் கிழமை ஒரு மணம் வந்தது. என்னுடைய மனுசன் தில்லையம்பலம் சுவருக்குள் எலி செத்துவிட்டது என்றார். பிறகு கழிவுக் கான் அடைத்துவிட்டது என்றார். கவுன்சிலுக்கே போன் எடுத்துவிட்டார். பார்த்தால், அரைத்துக் காயவைத்த இறாலை ம்பாக் சம்பலுக்காகச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நெத்தலிக் கருவாடு பொரித்து அயலட்டையைக் கலைத்த ஆட்கள் நாங்கள். எங்கள் வீட்டு மனுசனுக்கு வந்த ரோசத்தைப் பாருங்கள்.

அவர்கள் வீட்டுக்கு முதல்தரம் சாப்பிடப் போனபோது நான் பட்ட பாடு வேறு. எங்கள் வழக்கப்படி மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவர்கள் விடியவே சமைத்து, மேசையில் வைத்து, பிளாஸ்டிக் கூடையால் மூடிவிடுவார்களாம். பசித்தவர் பசித்த நேரம் வந்து, மூடியைத் தூக்கி, தானே போட்டுச் சாப்பிடுவாராம். காலையில் வைத்த சோறு, ஆறிப்போன கீரை, பொரித்து மணித்தியாலக்கணக்கான மீன். அவருடைய புருசன் ஹர்தோனோ "எடுங்கள்" என்று ஒரேயொரு தரம் சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் இரண்டு தரம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெறும் கோப்பையோடு கால் மணித்தியாலம் இருந்து, ஆத்திரம் முற்றி, கடைசியில் பசி வென்றது.

ஆனால் ருசி என்றால் ருசி. மரக்கறியைத் தேங்காய்ப்பாலில் விட்டு ஒரு கறி வைப்பார், எங்கள் சொதிக்குச் சொந்தக்காரி என்று சொல்லலாம். நெத்தலியையும் கச்சான் கடலையையும் சேர்த்துப் பொரித்துச் சீனி புளி மிளகாய் போட்டுப் பிரட்டுவார், அதை மனுசன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். தெம்பே செய்வது ஹர்தோனோவின் வேலை. சோயா அவரையை அவித்து, பாயிலர் அலுமாரிக்குள் இரண்டு நாள் மூடி வைப்பார். வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து பாளமாக இறுகி வரும். நான் தோசைமாவை வைப்பதும் பாயிலர் அலுமாரிக்குள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய தெம்பே விளைய, இந்தப் பக்கம் என்னுடைய மா பொங்கும்.

லண்டனில் எனக்குச் சொந்தக்காரர் நூறு பேர் இருக்கிறார்கள். பிளேஸ்டோவில் ஒரு கூட்டம், நோர்பரியில் ஒரு கூட்டம். எந்த வீட்டுக்கும் மூன்று நாளைக்கு முன் போன் எடுத்து, மனுசன்மாரின் ஷிப்ட் கேட்டுத்தான் போகலாம். கேளாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டக்கூடிய வீடு எனக்கு இந்த நகரத்தில் ஒன்றே ஒன்று. அது ம்பாக் விவிக்குடைய வீடு.

இந்த வருஷம் என்னுடைய மகள் ஜதுர்ஷிகாவுக்குக் கலியாணம் சரிவந்தது. சரிவந்தது என்று லேசாக எழுதுகிறேன். அவளுக்கு முப்பத்தொரு வயது. போன வருஷம் பேசி முற்றாக்கிய ஒரு இடம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு குழம்பிப் போனது. பிள்ளை ஆறு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்தமுறை நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாள், நட்சத்திரம், ராகுகாலம், எல்லாம். கலியாணத்துக்குப் பதினொரு நாள் முன்பு, புதன்கிழமை, பின்வளவில் கன்னிக்கால் ஊன்றினோம். முள்முருக்கு இந்த ஊரில் ஏது? ஐயர் கொண்டுவந்த ஒரு தடியைப் பெயிண்ட் வாளிக்குள் மண் நிரப்பி நட்டு, மாவிலை கட்டி, மஞ்சள் தடவி வைத்தோம். ம்பாக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கைதட்டிச் சிரித்தார்.

கன்னிக்கால் ஊன்றிய வீட்டார் செத்தவீட்டுக்குப் போகக் கூடாது. அங்கே கை நனைக்கக் கூடாது. இது எங்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை விடிய ஹர்தோனோ ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். இரண்டு நாள் காய்ச்சல் என்று போன மனுசன். சனிக்கிழமையே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அப்படி, வைத்திருக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்ததை மேல் அறைத் திரையை விலக்கி நான் பார்த்தேன். போன் எடுத்தேன். அழுதேன். "ம்பாக், நான் வரேலாது," என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். "தெரியும் குமு, தெரியும்," என்றார். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்தக் கிழமை எங்கள் வீடு நிறைய ஆட்கள். மனுசனுடைய தமக்கை கலாவதி மச்சாள் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கியிருந்தா. பலகாரச் சூடு, பூமாலை, சாறிக்குப் பிளீட் மடிப்பு என்று தலைகீழாக நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு பின்னேரமும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓதும் சத்தம் கேட்கும். நான் எண்ணெய்ச் சட்டியில் அரியதரத்தைப் புரட்டிக்கொண்டு அதைக் கேட்காத மாதிரி இருந்தேன்.

வியாழக்கிழமை ஏழாம் நாள். பின்னேரம் ஆறரைக்குப் போனில் ம்பாக்கின் செய்தி: "குமு, தூணில் வைத்திருக்கிறேன். சாப்பிடுங்கள்."

போய்ப் பார்த்தேன். செங்கல் தூணின் மேல் ஒரு வெள்ளைக் கடுதாசிப் பெட்டி. மூடிக்கு மேல் ஹர்தோனோவின் பெயரும், பிறந்த இறந்த திகதிகளும், பிரார்த்தனை வரிகளும் அடித்த ஒரு துண்டு. அடியில் கை வைத்தபோது இன்னும் இளஞ்சூடு. உள்ளே சோறும் கோழியும் பிரட்டின உருளைக்கிழங்கும் இருக்கும் என்று மணத்திலேயே தெரிந்தது.

கலாவதி மச்சாள் வாசலுக்கு வந்துவிட்டா.

"என்ன அது?"

"பக்கத்து வீட்டிலை தந்தது, மச்சாள். ஏழாம் நாளாம்."

"செத்தவீட்டுச் சாப்பாடோ? விசரே உனக்கு? உள்ளுக்கை கொண்டு வராதை! போன வருஷம் பட்டது காணாதே?"

மச்சாள் சொன்னதால்தான் செய்தேன் என்று இப்போது எழுதிவிடலாம். அது பொய். மச்சாள் வராவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். போன வருஷம் பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது என் கண்ணுக்குள் வந்து நின்றது. பெட்டியை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, முன்பக்கத்துக் கழிவு வாளிக்குள் போட்டுவிட்டேன். கையைக் கழுவினேன். பிறகு ம்பாக்குக்கு, "தாங்க்யூ, நல்ல ருசி," என்று செய்தி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வாளியின் பூட்டைக் கொளுவ மறந்துவிட்டேன். இந்த ஊர் நரிகளுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை விடிய ஏழு மணிக்கு மேல் அறையில் திரையை இழுத்தேன். வாளி சரிந்து கிடந்தது. நடைபாதை முழுக்கச் சோறு. ம்பாக் விவிக் வீட்டு உடுப்போடும் தலைத்துணியோடும் அங்கே குந்தியிருந்தார். ஒரு கையில் பெட்டியின் மூடி. மற்றக் கையால் அந்தப் பெயர்த் துண்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சோற்றைத் தன் உடுப்பில் துடைத்து, மடித்து, நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு தும்புத்தடி கொண்டுவந்து, எங்கள் வாசலையும் சேர்த்துக் கூட்டினார். வாளியை நிமிர்த்தி, பூட்டையும் கொளுவிவிட்டுப் போனார். ஒருதரமும் நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை.

நான் திரையைப் பிடித்தபடி நின்றேன்.

கீழே வந்து தில்லையம்பலத்திடம் சொன்னேன். மனுசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"இஞ்சரும், ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை நானும் வாறன், ரெண்டு பேருமாப் போய்க் கதைப்பம்."

"திங்கக்கிழமை என்ன முகத்தோடை போறது?"

"இப்ப மட்டும் என்ன முகத்தோடை போவீர்? வீட்டிலை தடி ஊண்டியிருக்கு. பிள்ளையை யோசியும்."

பிள்ளையைத்தான் யோசித்தேன். ஒருபக்கம் பிள்ளையின் கலியாணம், மறுபக்கம் கேளாமல் தட்டக்கூடிய என் ஒரே கதவு. இரண்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடுமோ என்று பயந்தேன். ஒன்பது மணிவரை பலகாரத் தட்டுகளைத் தேவையில்லாமல் அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். பிறகு செருப்பைக் கொளுவிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் தட்டினேன். ம்பாக் திறந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல, பயம். இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"வேண்டாம் குமு. உள்ளே வராதீர்கள். தடி நட்டிருக்கிறீர்கள். மகளுக்குக் கூடாது."

"யார் சொன்னது?"

"உங்கள் கணவர், வேலியில் நின்று. அடக்கத்துக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்று நான் மனவருத்தப்படக் கூடாது என்று சொன்னார். நான் வருத்தப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம்." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஆனால் சாப்பாடும் கூடாது என்று எனக்குத் தெரியாது. தூணில் வைத்தால் சரி என்று நினைத்துவிட்டேன். கலியாண வீட்டுக்குக் கரைச்சல் தந்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

சாப்பாட்டை நடைபாதையில் கொட்டவிட்டவள் நான். பொய்ச் செய்தி அனுப்பியவள் நான். மன்னிப்புக் கேட்டது அவர்.

"ம்பாக், நான் பொய் சொன்னேன். நல்ல ருசி என்று..."

"நேற்று இரவே தெரியும்," என்றார். அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அப்பத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிட்டிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். உங்கள் அப்பம்தான் நல்லது என்று சண்டைக்கு வந்திருப்பீர்கள்."

"என்ன அப்பம்?"

"அரிசி மா அப்பம், சின்னது. ஏழாம் நாளுக்கு எங்கள் ஊரில் சுட்டு வைப்போம். அவர் யாருக்காவது ஏதாவது பிழை செய்திருந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற அப்பம். எல்லாப் பெட்டியிலும் ஒன்று. உங்கள் பெட்டியில் இரண்டு வைத்தேன்."

"எனக்கு ஏன் இரண்டு?"

"ஒன்று அவருக்காக. மற்றது எனக்காக. நீங்கள் வரவில்லை என்று அடக்கத்தன்று ஒரு மணித்தியாலம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். உங்கள் கணவர் வந்து சொல்லும்வரை. அதற்காக."

ஒரு மணித்தியாலக் கோபத்துக்கு இந்த மனுசி ஒரு அப்பம் சுட்டு மன்னிப்புக் கேட்கிறார். நான் அதை முடிச்சுப் போட்டு வாளிக்குள் எறிந்திருக்கிறேன். அழுதேன். தெருவால் போனவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அழுதபடியே அவருடைய கைக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டேன். "குமு! குமு! மகள்!" என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தார்.

குசினி மேசையில் கூடை கவிழ்த்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். வெறும் மேசை. எட்டு வருஷத்தில் அந்தக் கூடைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நான் கண்டதில்லை.

"நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்?"

"சமைத்த ஆளுக்குப் பசிக்காது."

"எப்போது?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதுதான் என்னைக் கொன்றது. "நேற்று தேத்தண்ணி குடித்தேன். ஆட்கள் வந்தார்கள், கொடுத்தேன். மகன் காலையில் வேலைக்கு லெஸ்டருக்குப் போய்விட்டான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அயல்தான் சமைத்துக் கொண்டுபோய், வேண்டாம் வேண்டாம் என்கிற ஆட்களை இருத்திச் சாப்பிட வைக்க வேண்டும். என்னுடைய அப்பா செத்தபோது பக்கத்து வீட்டு மனுசி வந்து அம்மாவின் வாயில் கஞ்சி பருக்கினதை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். விலகி நில் என்கிற வழக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிட்டப் போ என்கிற வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறேன். ஒரு சுவர் தள்ளி இந்த மனுசி ஏழு நாள் சமைத்து ஊருக்குக் கொடுத்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். நேற்றைய சோறு ஒரு கிண்ணம். அடியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் மரக்கறி. ஒரு சின்னப் போத்தலில் சம்பல். அப்பம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் பெட்டிகளோடு போய்விட்டன. சோற்றைச் சூடாக்கினேன், கறியைச் சூடாக்கினேன், இரண்டு முட்டை பொரித்தேன். ம்பாக் கதவோரம் நின்று, "இந்த வீட்டில் சாப்பிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, தயவுசெய்து," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இருங்கோ," என்று தமிழில் அதட்டினேன். இருந்துவிட்டார்.

கோப்பையில் சோற்றைப் போட்டு, கறியை விட்டுக் குழைத்து, சம்பல் தொட்டு, முதல் கவளத்தை நான் வாயில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க மென்று விழுங்கினேன். அடுத்ததை உருட்டி அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். தலையை அங்கும் இங்கும் திருப்பினார். நான் கையை எடுக்கவில்லை. பிறகு வாயைத் திறந்தார். மென்றபோது கண்ணீர் கன்னத்தால் வழிந்து வாய்க்குள் போனது. அவர் துடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சம்பல்," என்றார்.

என் போன் அடித்தது. கலாவதி மச்சாள்.

"எங்கையடி நிக்கிறாய்? பூக்காரர் வந்து நிக்கினம், ஐயர் ரெண்டு தரம் எடுத்திட்டார்!"

"பக்கத்து வீட்டிலை, மச்சாள்."

"செத்தவீட்டிலையோ?"

"ஓம். இந்த மனுசிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டு நிக்கிறன். நானும் சாப்பிட்டிட்டுத்தான் வருவன்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ம்பாக் என் முகத்தைப் பார்த்து, "கலியாண வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை," என்றேன்.

எனக்குப் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும்வரை அது போகாது என்றும் தெரியும். அந்தப் பயத்தோடேயே அடுத்த கவளத்தைக் குழைத்தேன்.